"பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்!

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஏதாவது பேசுப்பா, பத்து நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். கல்லூரி நாட்களின் குறும்புகளை எனக்கு முன் பேசியவர்கள் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் என் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் இந்தக் கல்லூரியில் தொடங்கிய கதைதான்.

1992-ஆம் ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் டைட்ரேஷன். ப்யூரெட்டில் உள்ள ஒவ்வொரு கோடும் எனக்கு மூன்றாகத் தெரியும். நான் எடுத்த ரீடிங் ஒரு நாளும் ஒத்து வந்ததில்லை. "கண்ணை எங்கேப்பா வச்சிருக்கே?" என்று ஐயா கேட்பார், வகுப்பே சிரிக்கும். கரும்பலகையும் அப்படித்தான். என் பக்கத்து ரோல் நம்பர்க்காரன் ஒருவன், தன் நோட்டை எப்போதும் என் பக்கம் நகர்த்தியே வைத்திருப்பான். நான் பட்டம் வாங்கியதில் பாதி அவனுடையது. இதோ, மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அடிக்கடி கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. 1993-ல்தான் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: கெரட்டோகோனஸ். கண்ணின் முன்னால் வாட்ச் கண்ணாடிபோல மூடியிருக்கும் கார்னியா, அதாவது கருவிழிப் படலம், சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அது இன்னும் மெலிந்து, உள் அழுத்தம் தாங்காமல் கூம்புபோல முன்னால் பிதுங்குவதே இந்த நோய். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் ஆரம்பிக்கும். ஜான் நாட்டிங்காம் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1854-லேயே இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

கண்ணாடி ஏன் உதவவில்லை? கண்ணாடி சீரான வளைவைத்தான் சரிசெய்யும், மேடுபள்ளத்தைச் சரிசெய்யாது. குண்டும் குழியுமான ரோட்டில் மழைத் தண்ணீர் நின்றால் மேலே மட்டமாகிவிடுகிறது அல்லவா? கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் செய்வதும் அதுதான். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பிப் பள்ளத்தை மூடிவிடும். வெளிச்சம் லென்ஸின் வழவழப்பான மேற்பரப்பு வழியாக நுழையும்.

1994-ல் ஒரு கடையில் முதல் லென்ஸ் போட்டேன். வெளியே வந்து, தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைப் படித்தேன். அழுகை வந்தது. லென்ஸ் உறுத்தலா, சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

உறுத்தலும் இருந்தது, நண்பர்களே. கால் மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். "எப்படி இருக்கு?" என்றார் கடைக்காரர். "பரவாயில்லை சார்" என்றேன். சாயங்காலம் கண் சிவந்தது. மறுமுறை கேட்டபோதும் அதே "பரவாயில்லை". பார்வை கிடைத்ததே பெரிது, வலியைப் பற்றிப் புகார் சொன்னால் இதையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம்! நான் பார்த்ததோ வாத்தியார் வேலை. சாக்பீஸ் தூள் ஒன்று லென்ஸுக்குள் போனால் போதும், கண்ணீர் கொட்டும். "சார், ஏன் அழுவுறீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒருநாள் லென்ஸ் தெறித்து விழுந்து, வகுப்பு முழுவதும் தரையில் தவழ்ந்து தேடியது.

ஆறு ஆண்டுகள் இப்படியே ஓட்டினேன். 2000-ல் வேறோர் ஊரில் ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மா, கண்ணில் ஃப்ளூரசீன் சாயம் இட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணீர் தேங்கும் இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் கண்ணைத் தொடும் இடம் கறுப்பாகத் தெரியும். என் வலது கண்ணில் கூம்பின் நுனியில் பெரிய கறுப்பு வட்டம். லென்ஸ் அளவுக்கு மீறித் தட்டையாக இருந்ததால் நுனியிலேயே உராய்ந்து தழும்பு ஆக்கிவிட்டது. "வலிச்சிருக்குமே தம்பி, ஏன் சொல்லல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன்.

அந்த அம்மா எனக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். ஒரு சின்ன நோட்டு. எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது உறுத்தியது, எந்தப் பக்கம், புகைபோல மங்கியதா, கழற்றிய பின் சிவப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுத வேண்டும். அதை வைத்து ட்ரையல் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். தட்டையாக இருந்தால் நுனியில் உராயும். குழிவு அதிகமானால் இறுகிப்போய்க் காற்றுக் குமிழி தங்கும். டைட்ரேஷனில் கடைசித் துளிக்குக் காத்திருப்போமே, அதே பொறுமைதான். நாலாவது லென்ஸ் பொருந்தியது. பிறகு கொஞ்ச காலம், அடியில் மெல்லிய சாஃப்ட் லென்ஸ், மேலே கெட்டி லென்ஸ் என்று இரண்டடுக்காகவும் போட்டேன்.

2014-ல் ஸ்கிளீரல் லென்ஸுக்கு மாறினேன். இது பெரியது. பழைய லென்ஸ் சட்டைப் பொத்தான் என்றால் இது ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது. கருவிழியைத் தொடாமல் தாண்டி, கண்ணின் வெள்ளையில் உட்காரும். வெள்ளைப் பகுதிக்கு உணர்ச்சி குறைவு. அதனால் உறுத்தலும் குறைவு. பிரிசர்வேட்டிவ் கலக்காத சலைன் நிரப்பி, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு போட வேண்டும். முதல் வாரம் சலைன் எல்லாம் சட்டையில்தான்! விலையும் அதிகம்; ஒரு மாதச் சம்பளம் அப்படியே போனது. மத்தியானத்தில் சில நாள் மங்கும். கழற்றி மறுபடி சலைன் நிரப்ப வேண்டும். ஆனாலும் சாக்பீஸ் தூளுக்கு இப்போது நான் அழுவதில்லை. மாற்று அறுவைதான் வழி என்று ஒருவர் சொல்லியிருந்தார். இந்த லென்ஸால் இதுவரை அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இதுவேதான் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூம்பின் உருவம் ஆளுக்கு ஆள், கண்ணுக்குக் கண் வேறு.

இனி ஏன் இதை இங்கே சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். 2021-ல் என் மகளுக்குப் பதினாறு வயது. எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். "அலர்ஜிப்பா, பரவாயில்லை" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாளே அழைத்துப் போனேன். கார்னியாவின் மேடுபள்ளத்தைப் படம் எடுக்கும் டோப்போகிராபி பரிசோதனையில் ஆரம்ப நிலை தெரிந்தது. நோய் முற்றிக்கொண்டு போகிறது என்று அடுத்த பரிசோதனையில் உறுதியானதும், கிராஸ்லிங்கிங் செய்தார்கள். ரைபோஃபிளேவின், அதாவது நம் வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கார்னியாவை உறுதிப்படுத்தும் முறை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-ல் இதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிதுங்கிய கண்ணை அது பழையபடி ஆக்கிவிடாது. மேலும் பிதுங்காமல் நிறுத்தப் பார்க்கும். என் காலத்தில் அது இல்லை. என் மகள் இன்று சாதாரணக் கண்ணாடியோடு கல்லூரிக்குப் போகிறாள்.

நண்பர்களே, உங்கள் பிள்ளை கண்ணைக் கசக்கினால், கண்ணாடி பவர் அடிக்கடி மாறினால், டோப்போகிராபி எடுத்துப் பாருங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதில் உள்ள அமீபா கண்ணையே கெடுத்துவிடும். டாக்டர் சொன்னாலன்றிப் போட்டுக்கொண்டே தூங்காதீர்கள். வலித்து, சிவந்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸ் பொருத்துகிறவர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாயம் லென்ஸ் படும் இடத்தைக் காட்டும். வலியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வரிசை நண்பா, இன்று நீ உட்கார்ந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெளிவாகத் தெரிகிறது. ஒரே ஆளாகத்தான் தெரிகிறாய்!