கரைக்கு வராதவர் போட்ட குப்பை



கடற்கரைக் குப்பைக்குப் பெரிதும் காரணம் கரைக்கு வருகிறவர்களா, கரைக்கே வராதவர்களா என்பது தலைப்பு. வராதவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி ரொம்ப நேரம் சுண்டல் பொட்டலத்தையே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அம்மா, அந்தத் தாள் நாலு மழையில மக்கிப் போகும். மெரினாவுல நானும் ஒருநாள் குனிஞ்சு பொறுக்கினேன். கையில என்ன கிடைச்சது தெரியுமா? ஷாம்பு பாக்கெட், பல் துலக்குற பிரஷ், மாத்திரை அட்டை! நடுவர் அவர்களே, அலையில கால் நனைக்க வர்ற குடும்பம், அங்கேயே பல்லும் விளக்கி, தலைக்கும் குளிச்சிட்டா போகுது? (சிரிப்பு)

அப்போ இது எங்கிருந்து வந்தது? மெரினாவுக்கு வடக்கே கூவம், தெற்கே அடையாறு. நம்ம தெருவுல விழுறது மழைநீர்க் கால்வாய்க்கு, கால்வாய் ஆத்துக்கு, ஆறு கடலுக்கு. கடல் அதை அலையில் ஏற்றி நமக்கே திருப்பி அனுப்புகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சப்போ கரையெல்லாம் குப்பை. அந்த மழையில சுண்டல் தின்ன யாருங்க வந்தாங்க?

2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. அதுவும் கரைக்கு வந்தவங்க போட்டதா?

வர்றவங்களும் போடுறாங்க, மறுக்கல. சிகரெட் துண்டுல இருக்கிற பஞ்சுகூட ஒரு வகை பிளாஸ்டிக்தான். ஆனா அதைக் காலையில துப்புரவுப் பணியாளர் அள்ளிடலாம். ஆத்துல வர்றது ராத்திரி பகலா வருதே!

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். வீட்டுல காலைக் காப்பி போடுறது நான்தான். பால் பாக்கெட் முனையைக் கத்தரிக்கிறேன். அந்தத் துணுக்கு எங்க போகுதுன்னு ஒருநாள்தான் கவனிச்சேன். துடைப்பம் வாசலுக்குத் தள்ளுது. வாசல் தெளிச்ச தண்ணி கால்வாய்க்குத் தள்ளுது. நான் கடற்கரைக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை போறேன். என் குப்பை தினமும் போகுது! (கைதட்டல்)

தை முதல் பங்குனி வரை அதே மணலில் முட்டையிட ஆமைகள் வருகின்றன. யார் போட்டதுன்னு கேட்க அதுக்கு வாயில்லை. நமக்கு இருக்கு.

கரையைக் கூட்டினால் கரை ஒருநாள் சுத்தம். தெருக்குப்பை கால்வாயில் விழாமல் காத்தால் கரை என்றும் சுத்தம். எனவே நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.