அவசரமில்லாமல் ஏறுவோம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் வரலாற்றை இம்மலரில் வேறொருவர் எழுதுகிறார். என்னைத் திருப்பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். யூபிலிக்கு நன்றியாக இத்தாலி நாட்டிற்குப் போய்வர வேண்டும் என்று நம் பங்கில் சில குடும்பங்கள் ஆசைப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டைத் திருச்சபை முழுவதும் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து அந்த ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது. பயண நிறுவனங்களின் துண்டு அறிக்கைகளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். பத்து நாளில் பன்னிரண்டு ஊர்! காலையில் ஒரு பேராலயம், மதியம் இன்னொன்று, இரவில் வேறொரு ஊரில் படுக்கை. "சாமி, இதில் எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குரிய பதிலையே இன்று எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

இத்தாலியின் நடுப்பகுதியில் உம்பிரியா, தொஸ்கானா என்னும் மாநிலங்கள் உள்ளன. அங்கே பழைய ஊர்கள் பல குன்றின் மேல் கட்டப்பட்டவை. அழகுக்காக அவர்கள் மேலே ஏறவில்லை. பகைவர் வந்தால் தூரத்திலேயே காணலாம். கீழேயுள்ள நல்ல நிலம் பயிருக்கு மிஞ்சும். பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் காய்ச்சல் பரவிய காலம் அது. 'மலேரியா' என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும். ஆகவே மேலே வீடுகளைக் கட்டிக்கொண்டு, மதில் எழுப்பி, நடுவில் ஆலயத்தையும் வைத்தார்கள். அந்தச் சந்துகள் மனிதன் நடப்பதற்கும் கழுதை சுமப்பதற்கும் அளவெடுத்துப் போட்டவை. பேருந்தில் போகிறவர்களும் மதிலுக்கு வெளியே இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

போவதற்கு ஏற்ற காலம் அவர்களுடைய இலையுதிர் காலம். நமக்கு மாசி, பங்குனியில் மரங்கள் இலை உதிர்க்கும். அவர்களுக்கோ செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. வெயில் தணிந்து, கோடையின் கூட்டமும் குறைந்திருக்கும். திராட்சை அறுவடை முடியும் தறுவாயில் ஒலிவக் காய்களைப் பறிக்கத் தொடங்குவார்கள். விடியற்காலையில் பள்ளத்தாக்கெல்லாம் மூடுபனி நிறைந்து, குன்றின் மேலுள்ள ஊர் மட்டும் தீவு போல் தெரியும். அக்டோபர் 4-ஆம் நாள் அசிசியாரின் திருநாள். நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவருக்கும், மறுநாள் மரித்த விசுவாசிகளுக்கும் உரியது. விளைச்சலை வீட்டில் சேர்த்துவிட்டு, முன்னோரின் கல்லறைக்குப் போய் நிற்கும் காலம் அது.

நடந்து போகும் பயணம் நமக்குப் புதிதன்று. புரட்டாசி மாதத்தில் நம் நெடுஞ்சாலையைப் பாருங்கள். சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடக்கிற நம் இந்து சகோதரர்கள் இவ்வழியே சாரி சாரியாகப் போகிறார்கள். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்திய நம் மக்கள் கடலோரச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். முன்னாளில் நம் வழிகளில் சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. நடப்பவன் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல்லும் நாட்டினார்கள். பயணி வழியில் நிற்பான், பேசுவான், அடுத்தவன் பாரத்தைத் தூக்கிவிடுவான் என்பதை எண்ணியே அவையெல்லாம் ஏற்பட்டன. உயிர்த்த ஆண்டவரும் எம்மாவுக்குப் போன சீடர்களோடு வழிநெடுக நடந்து பேசினார். அந்தியில் அவர்களோடு பந்தியில் அமர்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்கள் கண் திறந்தது. அவ்வளவு தூரம் நடந்திராவிட்டால் அந்தப் பந்தி ஏது?

இனி ஊர்களுக்கு வருவோம்.

முதலாவது அசிசி. இரயில் நிலையம் கீழே சமவெளியில், சம்மனசுகளின் இராக்கினி அன்னையின் பேராலயத்துக்கு அருகில் இருக்கிறது. அப்பேராலயத்துக்குள்ளேதான் போர்சியுங்குலா என்னும் சின்னஞ்சிறு கோவில் உள்ளது. 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை புனித பிரான்சிஸ் அசிசியார் மரித்தது அங்கேதான். இரண்டே ஆண்டுகளில், 1228-இல், திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அங்கிருந்து ஊருக்குள் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் ஒரு முறை நடந்து ஏறியிருக்கிறேன். நடைபாதையில் பதித்த செங்கற்களில் காணிக்கை தந்தவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன. நம் யூபிலி மலரிலும் நன்கொடையாளர் பட்டியல் வருகிறது. பெயர் பொறித்த கல் பிறர் மிதித்து ஏறுவதற்காகவே கிடக்கிறது என்பதை அங்கே நினைத்துக்கொண்டேன்.

1997 செப்டம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அசிசியாரின் மேல் ஆலயத்தின் வளைகூரை இடிந்து நான்கு பேர் மாண்டனர். சுவரோவியங்கள் சில்லுச் சில்லாய் விழுந்தன. அவற்றைப் பொறுக்கி, துண்டோடு துண்டைச் சேர்த்து, 1999 நவம்பரில் ஆலயத்தை மீண்டும் திறந்தார்கள். முழு மண்டபத்தையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வெளியேறுகிறவர்கள் அந்தப் பொறுமையை எங்கே காணப்போகிறார்கள்?

இரண்டாவது ஓர்வியேத்தோ. செங்குத்தான பாறையின் தலையில் அமைந்த ஊர். நாம் ஆண்டுதோறும் நற்கருணைப் பவனி நடத்துகிறோமே, அந்தத் திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்திய ஆணையைத் திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-இல் வெளியிட்டது இவ்வூரிலிருந்துதான். பக்கத்துப் பொல்சேனாவில் 1263-இல் நடந்ததாக மரபு கூறும் நற்கருணைப் புதுமையின் திருத்துகில் இப்பேராலயத்தில் காக்கப்படுகிறது. அதே ஊரில் ஒரு கிணறும் உண்டு. 1527-இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது திருத்தந்தை ஏழாம் கிளமெண்டு இங்கே அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிணறு வெட்டச் சொன்னார். இறங்க ஒரு படிச்சுற்று, ஏற வேறொரு படிச்சுற்று. ஒவ்வொன்றிலும் 248 படிகள். கழுதைகள் ஒன்றையொன்று முட்டாமல் தண்ணீர் சுமக்க இந்த ஏற்பாடு. மலைமேல் வாழ்கிறவன் ஆழத்திலும் இறங்கத்தான் வேண்டும்.

மூன்றாவது சியன்னா. நெசவும் சாயமும் அறிந்த நம் பகுதி மக்களுக்கு இவ்வூர் சொந்த ஊர் போலிருக்கும். புனித கத்தரீன் 1347-இல் ஒரு சாயக்காரர் வீட்டில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லாத அந்தப் பெண்ணைத் திருச்சபை 1970-இல் மறைவல்லுநராக அறிவித்தது. அவ்வூரார் 1339-இல் தங்கள் பேராலயத்தை மிகப் பெரியதாக்கத் தொடங்கினார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்தது. ஊரே குலைந்து வேலையும் நின்றது. கூரை காணாத அந்தப் பெருஞ்சுவர் இன்றும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. ஆனால் பேராலயத்துக்கு எதிரே திருப்பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்குமாக நடந்த மருத்துவமனை பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. கத்தரீன் அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நம் மணிக்கூண்டு வேலை பாக்கி நிற்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். கட்டடம் நின்றுபோனதால் ஒரு திருச்சபை கெட்டுவிடாது. எதிர்வாசல் மூடினால் கெட்டுவிடும்.

ஓர்வியேத்தோவுக்கு அருகில் சிவித்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் அது. அடிமண் கரைந்து கரைந்து பாறை சரிகிறது. 1695-இல் வந்த நிலநடுக்கத்துக்குப்பின் மக்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். இன்று ஒரு நடைபாலத்தின் வழியாகத்தான் அங்கே போக முடியும். பார்க்க வருகிறவர்களிடம் 2013 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ஆனால் ஆண்டு முழுதும் குடியிருப்பவர்கள் இருபது பேருக்கும் குறைவு. தெரு சுத்தமாக இருக்கிறது, சன்னலில் பூந்தொட்டி இருக்கிறது. பிள்ளை அழும் சத்தம் மட்டும் அரிது.

அன்பான மக்களே, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன். ஒரு பங்கும் அப்படி ஆகலாம். கொடியேற்றத்துக்கும் தேர்ப்பவனிக்கும் கூட்டம் நிறையும். சென்னையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நம் பிள்ளைகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலைப் பூசையில் நான்கு கிழவிகள் மட்டும் இருப்பார்கள். வேலைக்காக விடியற்காலை இரயிலைப் பிடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நம் பங்கின் மூத்தோரைப் போய்ப் பார்க்கவும் நமக்கு நேரம் இல்லையென்றால், நம் ஊரிலேயே நாம் சுற்றுலாப் பயணிகள்தான்.

நம் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். வாகனப் பாதை வந்த பிறகும் காவடி தூக்கிக்கொண்டு படியேறுகிறவர்கள் குறையவில்லை. முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் இவ்வூருக்கு இப்பெயர் என்று நம் அயலார் சொல்கிறார்கள். 1986 அக்டோபர் 27-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பல சமயத்தாரை அசிசிக்கு அழைத்து, சமாதானத்துக்காகச் செபிக்கச் செய்தார். சினம் தணியும் மலையின் அடியில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊரில் வாழும் நமக்கு அந்தச் செபம் அந்நியமானதன்று.

குன்றின் ஊர்க்காரர்கள் நம்மிடமும் வந்திருக்கிறார்கள். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி அடிகளார் உரோமையில் 1577-இல் பிறந்தார். அவருடைய குடும்பம் மொந்தேபுல்சியானோ என்னும் தொஸ்கானா மலையூரைச் சேர்ந்தது. 1606-இல் மதுரைக்கு வந்தவர் 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். அவர் நம்மைப் பார்த்துவிட்டுப் போக வரவில்லை. தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் கற்று, நம்மோடு இருந்து, நம் மண்ணிலேயே அடங்கினார். மெதுவான பயணம் என்றால் அதுதான்.

ஆகவே இத்தாலிக்குப் போகக்கூடியவர்களுக்கு என் ஆலோசனை இது. பன்னிரண்டு ஊர் வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றிலும் மூன்று இரவு தங்குங்கள். விடியலில் ஊர்க்காரர்களோடு பூசை காணுங்கள். பகற்கூட்டம் இறங்கிப்போன பிறகு மாலையில் தெருவில் நடங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் கல்படிகளை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஊருக்குள் ஏற அங்கே பேருந்தும் உண்டு. மெதுவாய்ப் போவதென்றால் உடம்பை வருத்துவதல்ல, எதிரில் வருகிறவருக்கு நேரம் கொடுப்பது.

போக இயலாதவர்கள்தாம் நம்மில் மிகுதி. அவர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது. புனித தோமையாரின் நினைவைத் தாங்கிய அம்மலையில் ஒரு நாள் முழுவதும் செலவிடுங்கள். அதைவிட அருகில் இன்னொரு பயணமும் உண்டு. இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பின் ஒரு தெருவுக்கோ கிளைக் கிராமத்துக்கோ நாம் நடந்து போவோம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லிவிட்டு வருவோம். முதல் ஞாயிறு யார் வருகிறீர்கள் என்று இளைஞர் மன்றம் இன்றே பெயர் எழுதிக்கொள்ளட்டும்.

எம்மாவு வழியில் சீடரோடு நடந்த ஆண்டவர் நம் தெருக்களிலும் நம்மோடு நடப்பாராக. சம்மனசுகளின் இராக்கினியான மாதா நமக்காக மன்றாடுவாராக. உங்கள் அனைவருக்கும் என் ஆசீர்.