சோணை விலகிய பாடலிபுத்திரம்



குறுந்தொகையின் 75ஆம் பாடலில், தலைவன் வரும் செய்தியைக் கொண்டுவந்த பாணனைத் தலைவி வாழ்த்துகிறாள். பாடலி நகரையே நீ பரிசாகப் பெறுக என்பது அவள் வாழ்த்து. அந்நகரின் பொன்வளத்தைச் சொல்லும் படுமரத்து மோசிகீரனார், அங்கே யானைகள் சோணையாற்றில் நீராடுவதையும் சொல்கிறார். அகநானூற்றின் 265ஆம் பாடலில் மாமூலனார், நந்தர்கள் பாடலியில் திரட்டிக் கங்கை நீரில் மறைத்த செல்வத்தைப் பேசுகிறார். ஒரு புலவர் சோணையைச் சொல்ல, மற்றொருவர் கங்கையைச் சொல்கிறார். இரண்டு ஆறுகளும் ஒரே நகரைச் சார்ந்தவை.

இன்று பாட்னாவுக்குச் செல்லும் யாத்திரிகர் கங்கையைக் காண்பர், சோணையைக் காணார். அது நகருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. மேற்கே, மணேர் அருகே கங்கையோடு கலந்துவிடுகிறது. அவ்வாறாயின் குறுந்தொகைப் புலவர் தொலைதூரத்து ஊரைக் கேள்வியால் மட்டும் அறிந்து தவறாகப் பாடிவிட்டாரா? அவ்வாறு முடிவு செய்வது எளிது. ஆனால் சந்திரகுப்த மௌரியனின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிசும், கங்கை மற்றோர் ஆற்றோடு கலக்குமிடத்தில் நகர் இருந்தது என்றே எழுதியதாகப் பிற்காலக் கிரேக்க ஆசிரியர் குறிக்கின்றனர். அந்த ஆற்றுக்கு அவர்கள் தரும் பெயர் 'எரன்னோபோவாஸ்'. இக்குறிப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பேராறுகள் கூடும் அலகாபாத்தே பழைய தலைநகர் என்று ஐரோப்பிய நிலநூலார் சிலர் கருதினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல், சோணை முற்காலத்தில் பாட்னாவுக்கு அருகில் ஓடியதன் தடத்தைக் கண்டறிந்தார். 1793இல் வில்லியம் ஜோன்ஸ், எரன்னோபோவாஸ் என்பது சோணையின் வடமொழிப் பெயராகிய 'ஹிரண்யபாகு'வின் கிரேக்கத் திரிபு என்று காட்டினார். தமிழ்ப் புலவரும் கிரேக்கத் தூதரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஆற்றைச் சொல்லியிருந்தனர்.

மறைந்த ஆற்றை மண்ணில் எவ்வாறு கண்டுபிடிப்பது? ஆறு விலகினாலும் அதன் படுகை எளிதில் அழிவதில்லை. நீண்டு வளைந்த தாழ்நிலம், வரிசையாகக் கிடக்கும் குளங்கள், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் பள்ளங்கள் ஆகியவை பழைய போக்கைக் காட்டும். பாட்னாவின் தெற்கிலும் மேற்கிலும் இத்தகைய தடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மக்கள் 'செத்த சோணை' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்ததாகப் பழைய அளவைக் குறிப்புகள் கூறுகின்றன. ஆய்வாளர் நிலத்தில் துளையிட்டு, அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்துப் பார்ப்பர். விரைந்தோடும் நீர் பருமணலை விட்டுச் செல்லும். தேங்கிய நீர் மென்களிமண்ணை விட்டுச் செல்லும். அமர்கண்டகத்து மேட்டுநிலத்திலிருந்து இறங்கிவரும் சோணையின் மணல் பருத்தது, பொன்னிறம் வாய்ந்தது. கங்கையின் வண்டலோ நுண்ணியது, சாம்பல் நிறத்தது. பீகாரில் வீடு கட்டுவோர் சோணை மணலையே இன்றும் விரும்பிக் கேட்கின்றனர். 'ஹிரண்யம்' என்றால் பொன் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆறுகளின் இருப்பை அறிந்த பின்னரே நகரின் வடிவமும் விளங்குகிறது. நீளம் 80 ஸ்டேடியம், அகலம் 15 ஸ்டேடியம் என்பது மெகஸ்தனிஸ் தரும் அளவு. ஏறத்தாழ 14 கி.மீ. நீளமும் 3 கி.மீ.க்குக் குறைந்த அகலமும் உடைய ஒரு நாடா போன்ற நகர். 570 காவற்கோபுரங்களும் 64 வாயில்களும் அதற்கு இருந்தனவாம். எண்களில் மிகை இருக்கலாம், வடிவத்தில் மிகையில்லை. கங்கையின் கரையோரத்தில் ஆறே உயர்த்திய மேட்டு விளிம்பு ஒன்று உண்டு. அதன் பின்னால் தாழ்நிலம் கிடக்கிறது. மக்கள் குடியேறத்தக்க இடம் அந்த விளிம்பே. இன்றைய பாட்னாவும் அதே விளிம்பில்தான் கிழக்கு மேற்காக நீண்டு வளர்ந்தது. பின்னர் தெற்கே தாழ்நிலத்தில் எழுந்த ராஜேந்திர நகர், கங்கர்பாக் முதலிய பகுதிகள் 2019 செப்டம்பர் மழையில் பல நாள் நீரில் நின்றன.

நகரைச் சூழ்ந்த மதில் மரத்தாலானது என்று கிரேக்கர் எழுதியதைப் பலர் ஐயுற்றனர். புலந்தி பாக் என்னுமிடத்தில் நிகழ்ந்த அகழாய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. இரு வரிசையாக நிறுத்திய பெருமரங்களும், அவற்றின் அடியில் பரப்பிய மரப்பலகைகளும் அங்கே வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அம்மரம் உளுத்துப் போகாததற்குக் காரணம் ஈரமே. காற்றுப் புகாத நீர்செறிந்த மண்ணில் மரத்தைத் தின்னும் உயிரிகள் வாழ்வதில்லை.

குமராகரில் 1912இல் தொடங்கி, இரத்தன் டாட்டாவின் பொருளுதவியோடு அகழ்ந்த ஸ்பூனர், மெருகிட்ட கல்தூண்கள் வரிசையாக நின்ற ஒரு பெருமண்டபத்தின் தடயத்தைக் கண்டார். மண்டபத்தை வெள்ளம் மூடியது, பின்னர் எரிந்தது, தூண்கள் மென்மண்ணில் அமிழ்ந்தன என்பது அவர் கருத்து. 1951 முதல் 1955 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த அல்தேகரும் விஜயகாந்த மிஸ்ராவும் தூண்கள் அமிழ்ந்த கதையை ஏற்கவில்லை. மண்டபம் தீயால் அழிந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு. மண்டபத்தின் அருகே ஏறத்தாழ 40 அடி அகலமுள்ள ஒரு கால்வாயும் அவர்களுக்குக் கிடைத்தது. சோணையோடு இணைந்த அக்கால்வாயின் வழியே சுனார் மலையின் தூண்கள் படகில் வந்திருக்கலாம் என்று அவர்கள் எண்ணினர். ஆற்றைத் தேடியவர்களுக்கு இது பெரிய சான்று.

சமணரின் நூலொன்றும் இங்கே பேசப்பட வேண்டும். சுவேதாம்பர மரபின் 'தித்தோகாலி பயின்னா' என்னும் பிராகிருத நூல், விடாமழையால் சோணை பெருகிப் பாடலிபுத்திரத்தை அழித்த வெள்ளத்தை விரித்துரைக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாகியான் செழித்த நகரைக் கண்டார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் பாழடைந்த அடித்தளங்களையே கண்டார். குமராகரின் குடியிருப்பும் ஏறத்தாழ கி.பி. 600இல் நின்றுவிடுகிறது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவது உண்மை. ஆயினும் ஸ்பூனரின் வெள்ளத்துக்கு நேர்ந்ததை மறவாத ஆய்வாளர், மண்ணில் காணும் வண்டல் அனைத்தையும் நூல் சொன்ன வெள்ளம் என்று கூறத் துணியார். நூலை மதிப்பவர்க்கும் அந்த நிதானமே தக்கது.

தமிழ்ச் சமணர்க்கு இந்நகர் அயலானதன்று. பத்திரபாகு முனிவரிடம் தீட்சை பெற்றதாகத் திகம்பர மரபு போற்றும் சந்திரகுப்தனின் தலைநகர் இது. தெற்கே திருப்பாதிரிப்புலியூரும் பாடலிபுரம் என்றே பெயர் பெற்றிருந்தது, கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' இயற்றிய இடம் அதுவே என்பர். வடபாடலியில் சமணத்தின் தடம் மிகுதியாக வெளிப்படவில்லை. 1937இல் லோகானிபூரில், கண்ணாடி போல் மெருகிட்ட கல்லில் தலையும் கால்களும் இழந்த ஓர் ஆடையற்ற திருவுருவம் கிடைத்தது. தொடைகளின் பக்கத்தில் எஞ்சிய கைத்தடம், காயோத்சர்க்க நிலையில் நின்ற தீர்த்தங்கரர் என்பதைக் காட்டுகிறது. அதனருகே ஏறத்தாழ 9 அடிச் சதுரத்தில் செங்கல் அடித்தளம் ஒன்றும் இருந்தது. மெருகை வைத்து மௌரியர் காலத்தது என்போரும், அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்போரும் உளர்.

குமராகரில் நிலத்தடி நீர் ஏறியதால், அகழ்ந்த மண்டபத்தை அறிஞர்களே மீண்டும் மண்ணிட்டு மூட நேர்ந்தது. லோகானிபூரின் மேல் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அந்தச் சிறு கோயிலைச் சுற்றி இருந்தவை அவ்வீடுகளின் அடியிலேயே கிடக்கின்றன.