எண்வழிப் பொறியும் நம் இளைஞர் கல்வியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ்ப்பாடஞ் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இரும்புப் பட்டறையைப் பற்றிப் பேச எழுந்தது என்னையோ என்று உங்களுட் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமே. யாம் பொறித்தொழில் பயின்றேம் அல்லேம். ஆயினும், எம்மிடம் தமிழ் கற்ற மாணாக்கர் பலர் இன்று கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் உள்ள பட்டறைகளில் வேலை பார்க்கின்றனர். அவர்களைக் காணப் போன இடத்தில் அவர்தம் தொழிலையும் கண்டோம். விளங்காதவற்றை விடாது கேட்டறிந்தோம். பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்பியோரும், அனுப்பலாமா என்று எண்ணுவோரும் நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலர் ஆதலின், அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

சி.என்.சி. என்று வழங்கும் எண்வழிப் பொறியைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. 'எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும். நிற்பவன் பொத்தானை அழுத்தினாற் போதும். அதற்குப் படிப்பு எதற்கு?' என்பது ஒன்று. 'அது பெரிய எஞ்சினீயர்களுக்கே உரிய வித்தை. நம் பையனுக்கு எட்டாது' என்பது மற்றொன்று. இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் விளைவில் ஒன்றே. இரண்டும் நம் பிள்ளையைப் பொத்தானுக்கு அருகிலேயே நிறுத்திவிடுகின்றன. இரண்டும் பொருந்தா என்று காட்டுதலே எம் நோக்கம்.

முதற்கண் இப்பொறி பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பார் 1940-களில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துவந்தார். இறக்கையின் வளைவை ஒத்துப் பார்க்கும் மாதிரித் தகடுகள் மிகத் துல்லியமாக வேண்டியிருந்தன. அவருடன் பணிபுரிந்த ஃபிராங்க் ஸ்டூலன், அவ்வளைவின்மேல் அமையும் புள்ளிகளைத் துளையட்டைக் கணக்குப் பொறியாற் கணித்தார். பட்டறையில் ஒருவர் அவ்வெண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் நெடுக்குச் சக்கரத்தையும், ஒருவர் குறுக்குச் சக்கரத்தையும் அவ்வெண்ணுக்கேற்பத் திருப்புவர். மூவர் கூடிச் செய்யும் இவ்வேலையைப் பொறியே செய்தலாகாதோ என்ற எண்ணமே இத்தொழிலுக்கு வித்து. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில், துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் இயங்கும் மில்லிங் பொறியை ஓட்டிக் காட்டினர். 1970-களில் சிறு கணினிகள் பொறியின் கட்டுப்பாட்டிலேயே வந்து அமர்ந்தன.

இவ்வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. சக்கரந் திருப்பிய இருவரையும், எண் படித்த ஒருவரையும் பொறி விலக்கிற்று. புள்ளியைக் கணித்தவரை அது விலக்கவில்லை. அவர் தேவை பெருகிற்று. நம் பிள்ளைகள் இந்நால்வருள் யாருடைய இடத்தில் நிற்கப் போகின்றனர் என்பதே இன்று நம் முன்னுள்ள வினா.

நிற்க. 'பல அச்சு' என்பது யாதெனின் கூறுவாம். நெடுக்கு, குறுக்கு, மேல்கீழ் என மூன்று நேர்த்திசைகள் உள. அவற்றை எக்ஸ், ஒய், இசட் என்பர். இம்மூன்றையும் நடுவாகக் கொண்டு சுழலும் சுழற்சிகளை முறையே ஏ, பி, சி என்பர். மூன்று நேர் அச்சுகளோடு இரண்டு சுழல் அச்சுகள் சேர்ந்தால் அது ஐந்தச்சுப் பொறி. தாய்மார்கள் மாங்காய்க்குத் தோல் சீவுவதை நினைமின். வலக்கைக் கத்தி நகர, இடக்கை காயைத் திருப்பியும் சாய்த்தும் கொடுக்கின்றது. காயை மணையில் வைத்து மேலிருந்து மட்டும் சீவுவதாயின், பக்கந்தோறும் எடுத்து எடுத்து வைத்தல் வேண்டும். மூன்றச்சுப் பொறியின் நிலை அதுவே. காற்றை அழுத்தும் இம்பெல்லரைப் பாருங்கள். அதன் இதழ்கள் முறுகியும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தும் கிடப்பதால், நேர் மேலிருந்து இறங்கும் வெட்டுக்கருவி அவற்றினிடையே புகாது. பட்டறையார் 'ஜாப்' என்னும் வேலைப்பொருளைக் கழற்றி மறுபடியும் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அளவு சிறிது பிறழும். ஐந்தச்சுப் பொறியோ ஒரே பிடியில் பொருளைச் சாய்த்துத் திருப்பி, ஐந்து இயக்கங்களையும் ஒருங்கே நடத்தி, அவ்விதழ்களைச் செதுக்கி முடிக்கின்றது.

இனி, இப்பொறிக்கு ஆணையிடும் மொழியைக் காண்போம். இதனைக் கேட்டபோது எமக்கு உண்டான வியப்பு பெரிது. அம்மொழியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்தது ஒரு 'சொல்'. சொற்கள் சேர்ந்தது ஒரு வரி. வரிகள் சேர்ந்தது நிரல். 'ஜி01 எக்ஸ்50. எஃப்600' என்பது ஒரு வரி. 'நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டு 50 மில்லிமீட்டர்க் குறிக்குச் செல்; நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்திற் செல்' என்பது அதன் பொருள். ஜி00 எனின் விரைந்து பாய்தல். ஜி02, ஜி03 எனின் வலமாகவும் இடமாகவும் வளைதல். எம்03 எனின் ஸ்பிண்டிலைச் சுழற்றுதல். எம்06 எனின் கருவி மாற்றுதல். அன்றாடம் வழங்குவன சில பத்துச் சொற்களே. நிகண்டு மனனம் செய்த குடும்பங்களிற் பிறந்த நமக்கு இஃது ஒரு சுமையோ?

இலக்கணமும் உண்டு. நன்னூலார் கூறும் சூத்திர நிலைகளுள் ஆற்றொழுக்கு என்பதொன்று. முன்னுள்ளதன் தொடர்ச்சி நீரோட்டம்போற் பின்னும் இடையறாது செல்லும். இம்மொழியிலும் பல ஆணைகள் ஒருமுறை இட்டபின், வேறோர் ஆணை வந்து மாற்றுமளவும் பின்வரும் வரிகளையெல்லாம் ஆளும். ஜி90 எனின் எண்கள் யாவும் ஒரு மூலத்திலிருந்து அளக்கப்படும். ஜி91 எனின் நின்ற இடத்திலிருந்து அளக்கப்படும். முன்னிட்ட ஜி91 நீக்கப்படாது நின்றதாயின், பின்வரும் வரிகளின் பொருளெல்லாம் திரிந்து, கருவி பாய்ந்துசென்று வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் வைஸில் இடிக்கும்.

மற்றொன்றும் கேண்மின். ஓலைச்சுவடிகளில் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதுவது வழக்கம் என்பதை அறிவீர்கள். படிப்பவர் பொருள் நோக்கிப் புள்ளியைத் தாமே வருவித்துக்கொள்வர். எண்வழிப் பொறியிலும் புள்ளி உண்டு. கட்டுப்பாட்டுக் கணினிகள் சிலவற்றில் 'எக்ஸ்50.' என்று புள்ளியிட்டால் 50 மில்லிமீட்டர்; புள்ளியை விட்டால் 0.05 மில்லிமீட்டர். ஓலை படிப்பவரைப்போல் இப்பொறி எதனையும் வருவித்துக்கொள்ளாது. எழுதியவன் கருத்து அதற்குத் தெரியாது. எழுதிய எழுத்தே தெரியும். பொருளறிந்தவன் ஒருவன் அதன் முன் நிற்கவேண்டுவது இதனாலேயே.

'வரிகளை இக்காலத்தில் கேம் என்னும் மென்பொருளே எழுதித் தருகிறதே' என்று இளைஞர் வினவலாம். உண்மையே. ஐந்தச்சு வேலையில் ஆயிரக்கணக்கான வரிகளைக் கையால் எழுதுதல் இயலாது. மென்பொருள் கருவியின் வழியை வகுக்கும். போஸ்ட் பிராசசர் என்னும் மொழிபெயர்ப்பாளன் அதனை அந்தந்தப் பொறியின் அமைப்புக்கேற்ற வரிகளாக்குவான். ஒரு பொறியில் மேசை சாயும். மற்றொன்றில் தலை சாயும். ஒன்றற்கு எழுதியது மற்றொன்றற்குப் பொருந்தாது. மேலும், மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதையே அறியும். இன்று மேசைமேல் உள்ள வைஸின் உயரம், பிடியிலிருந்து கருவி நீண்டிருக்கும் அளவு, நேற்றைய வேலையில் அதன் முனை தேய்ந்த தேய்வு, இவற்றை அளந்து சொல்பவன் மனிதனே. மேசை சாயும்போது கருவியின் பிடி அதிலே இடிக்குமா என்று காண்பவனும் அவனே. சுழல் மேசை ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு பிறழ்ந்தால், மையத்துக்கு 200 மில்லிமீட்டர் அப்பால் பிழை ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர். அரை மீட்டர் எஃகு 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நீளும். நூற்றில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்குமேல் பிறழலாகாது என்று வரைபடம் கூறுமாயின், இவற்றுள் ஒன்றே அப்பொருளைக் கழிவுக்குவியலுக்கு அனுப்பப் போதும்.

இதற்கு வேண்டிய கணக்கு அச்சுறுத்துவதன்று. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியின் சுற்றளவு ஏறத்தாழ 31.4 மில்லிமீட்டர். அதன் விளிம்பு நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்டவேண்டுமாயின், 1,00,000 மில்லிமீட்டரை 31.4-ஆல் வகுக்க, ஏறத்தாழ 3,180 சுற்று. கருவிக்கு 4 பல், பல்லொன்று 0.05 மில்லிமீட்டர் கடித்தால் சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர், எனவே நிமிடத்துக்கு 636 மில்லிமீட்டர். பெருக்கலும் வகுத்தலும் அன்றி இதில் வேறென்ன? ஐந்தச்சுக்குக் கோண அளவியலும் வேண்டும். அதுவும் பள்ளிப் பாடத்தில் உள்ளதே.

கையறிவும் வீண்போகவில்லை. நிரலை முதன்முறை ஓட்டுங்கால், தேர்ந்தவன் ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டுவான்; ஒரு கை வேகக் குமிழின்மேல் இருக்கும்; இன்னும் எவ்வளவு தூரம் செல்லவேண்டும் என்று திரை காட்டுவதையும், கண்ணுக்குத் தெரியும் இடைவெளியையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பான். கருவி அதிர்ந்து கூவினால், திரை கூறுமுன் அவன் செவி கூறும். லேத்தில் முப்பது ஆண்டு நின்ற நம் முதியோரிடம் அச்செவி உண்டு. அதனை இளைஞருக்குக் கொடாது போவார்களாயின் அஃது அவர்களோடே மறையும்.

இனி, மனம் நோவத் தக்க இரண்டு செய்திகளைக் கூறவேண்டியுள்ளது. எம் மாணாக்கர் ஒருவர் ஒரு பட்டறையில் ஆறாண்டு நின்றார். பொருளை வைப்பதும், பொத்தானை அழுத்துவதும், எடுப்பதுமே அவர் வேலை. நிரலைத் திறந்து பார்க்க அவருக்கு இசைவில்லை. கற்றுக்கொண்டால் வேறிடம் போய்விடுவார் என்பது உடையவர் அச்சம். பொருளை எடுத்து வைக்க இயந்திரக் கை வந்த அன்று அவருக்கு அங்கே இடமில்லாது போயிற்று. ஆறாண்டு உழைப்புக்கு அவர் கையில் எஞ்சிய கல்வி யாதுமில்லை. மற்றொன்று, பொறியின் கதவு திறந்திருக்கையில் ஸ்பிண்டில் சுழலாதபடி காக்கும் பூட்டைச் சில இடங்களில் நேரம் மிச்சமாகும் என்று செயலிழக்கச் செய்து ஓட்டுகின்றனர். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழல்வதன் அருகே வெறுங்கை நீட்டுதல் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெற்றோர்களே, பையனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, 'கதவுப்பூட்டு வேலை செய்கிறதா? நிரலை உனக்குக் காட்டுகிறார்களா?' என்றும் கேளுங்கள்.

ஆகவே நம் சங்கத்தார் செய்யத்தக்கன சிலவற்றை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, ஐ.டி.ஐ.யிற் சேரும் பிள்ளையைத் தாழ்வாக எண்ணும் வழக்கத்தை வீட்டிலேயே ஒழித்தல் வேண்டும். பட்டறையிற் பழகுநராகச் சேர்வோர் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொண்டு சேர்தல் வேண்டும். பயிற்சி பெறுதல் அதன்படி அவர்க்குரியது. இரண்டாவது, கல்வி நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு வாரம் இருமுறை மாலை வகுப்பு நடத்தலாம். பெரும்பொறி வாங்க வேண்டுவதில்லை. நிரலைத் திரையில் ஓட்டிக்காட்டும் மென்பொருள்கள் விலையின்றியும் கிடைக்கின்றன. இரண்டு கணினியும், சில மைக்ரோமீட்டரும் வெர்னியரும் தொடக்கத்துக்குப் போதும். கணக்கு ஆசிரியர் ஒருவரும், பட்டறை முதியோர் ஒருவரும், நிரல் எழுதும் இளைஞர் ஒருவரும் கூடிக் கற்பிக்கட்டும். மூன்றாவது, அவ்வகுப்பிற் பெண்மக்களுக்கும் இடம் வேண்டும். நிரல் எழுதுதற்கும் அளந்து தேர்தற்கும் வேண்டுவன கூர்ந்த நோக்கும் பொறுமையுமே. நான்காவது, நம் குடும்பத்துப் பிள்ளையே ஆயினும், அயற்குடும்பத்துப் பிள்ளையே ஆயினும், கற்க வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது. கல்விக்குக் கதவடைத்த உடையவரைக் குறை கூறிய நாம், அதே கதவை அடைத்தல் முறையன்று.

பொருளறியாது பாடத்தை ஒப்பிக்கும் மாணாக்கரை யாம் விடுவதில்லை என்பதை எம்மிடம் படித்தோர் அறிவர். பொத்தானை அழுத்தும் இளைஞரிடமும் அதனையே வேண்டுகின்றோம். திரையில் ஓடும் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள், கிடைக்குமளவும் கேளுங்கள். மாலை வகுப்புக்கு முன்வருவோர் இன்றே செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்க. தமிழில் விளக்கக் குறிப்பு எழுதித்தரும் பணியை யாம் மகிழ்வுடன் ஏற்போம்.