செஸ்னாவும் ஏர்பஸ்ஸும் ஒரே ஓடுபாதையில்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, வழக்கம்போல நாமினேஷன், மூத்த குடிமக்கள் டெபாசிட் என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். இந்த முறை ஆகாயத்தைப் பற்றிப் பேசுகிறேன். என் பாட்டி விமானத்தை ஆகாயக் கப்பல் என்றுதான் சொல்வார். நம் ஊர்ப் பெயரிலேயே கப்பல் இருப்பதால் தலைப்பு பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜரும் கேஷ் கவுண்ட்டருமாக ஓய்வு பெற்றவன். இதில் இறங்கக் காரணம் என் தம்பி மகள். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானி ஆகப் படிக்கிறாள். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று உண்டு. வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். ஏர்பஸ் வந்துபோகும் இடத்தில் இவள் கொண்டுபோவது சுமார் ஒரு டன் எடையுள்ள செஸ்னா. ஒரு நாள் போனில், "பெரியப்பா, இறங்க விடாம இருபது நிமிஷம் வட்டமடிக்க வச்சுட்டாங்க" என்றாள். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

செஸ்னா 172 இறங்க வரும்போது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகம். ஏர்பஸ் 320-க்கு சுமார் 250. நம் நான்குவழிச் சாலையில் டி.வி.எஸ். 50-க்குப் பின்னால் ஆம்னி பஸ் வருகிற கதைதான். பஸ் பிரேக் போடலாம். ஆகாயத்தில் நிற்க முடியாதே!

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெரிய விமானத்தின் இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் காற்று சுழலாகச் சுருண்டு பின்னால் கிடக்கும். அதில் நுழைந்தால் சின்ன விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும். அதனால் ஏர்பஸ் 320-க்குப் பின்னால் இறங்க வரும் செஸ்னாவுக்கு 5 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் ஊருக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். எங்கள் பிள்ளையை வட்டமடிக்க வைத்தவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இதைப் படித்தபிறகு அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது.

1978 செப்டம்பர் 25, அமெரிக்காவின் சான் டியாகோ. மேகமே இல்லாத காலை. செஸ்னா ஒன்று இறங்கும் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து போயிங் 727 இறங்கி வந்தது. செஸ்னா முன்னால் இருப்பதைக் கட்டுப்பாட்டு அறை சொன்னது. தெரிகிறது என்றார்கள் போயிங் விமானிகள். பிறகு அது பார்வையிலிருந்து தப்பிவிட்டது. கடந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். தரையில் எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. ஆனால் அது காரணமில்லாமல் அடிக்கடி ஒலிக்கிற கருவி. வங்கியில் பல்லி ஓடினாலே அடிக்கும் அலாரத்துக்கு நாங்கள் தலை நிமிர மாட்டோம், அதே மாதிரிதான். இறந்தவர்கள் 144 பேர், அதில் 7 பேர் கீழே குடியிருப்பில் இருந்தவர்கள். மோத வருகிற பொருள் கண்ணாடியில் நகராதாம். ஒரே புள்ளியாக நின்று கடைசி நொடிகளில்தான் பெரிதாகுமாம். கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி மேலே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மோதல் தடுப்புக் கருவி இங்கே கட்டாயமானது. அந்தக் கருவிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. எதிரே வருவதில் டிரான்ஸ்பாண்டர் இருந்து பதில் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி மாதிரி. ஒருவர் வராவிட்டால் கதவு திறக்காது.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படை விமானத்திடம் உங்கள் வரிசை "நம்பர் ஒன்" என்றார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அது ஓடுபாதையில் போய் நின்றது. மேலே இறங்கியது ஏர்பஸ் 350. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். சின்ன விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். டோக்கன் ஒன்று கையில் இருந்தால் உடனே கவுண்ட்டருக்குள் கை நீட்டுகிறவர்களைப் பார்த்தவன் நான். அந்த வார்த்தையைச் சொல்வதையே ஜப்பான் பிறகு நிறுத்திவைத்தது.

பெரிய நகரங்கள் கண்ட வழி, சின்னதை வேறிடம் அனுப்புவது. பம்பாய் ஃபிளையிங் கிளப் ஜூஹுவிலிருந்து தன் விமானப் பயிற்சியைத் துலேவுக்குக் கொண்டுபோனது. நியாயம்தான், ஆனாலும் நெரிசலான இடத்தில் பழகாத பிள்ளை நாளைக்கு ஏர்பஸ்ஸை எங்கே ஓட்டும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? மதுரையில் இருப்பது ஒரே ஓடுபாதை, கிழக்கு மேற்காக. நாம் மேற்கே இருக்கிறோம். மேற்கிலிருந்து இறங்குகிற விமானம் நம் பக்கமாகத்தான் தாழ்ந்து போகிறது. கல்யாண வீட்டு ட்ரோனும் ஒரு சின்ன விமானம்தான். அதில் டிரான்ஸ்பாண்டர் கிடையாது. விமானிக்குத் தெரியாது, ரேடாருக்கும் தெரிவது சந்தேகம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எவ்வளவு தாழ்வாகப் பறக்கவிட்டாலும் அனுமதி வேண்டும். அந்தக் கணக்கு நம் பகுதியைத் தொடுகிறது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் தெருவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு விழாவை ட்ரோனில் படம் எடுக்கலாம் என்று போன கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கையை இப்போது இறக்கிக்கொள்கிறேன். தீர்மானத்தை மறுபடி ஓட்டெடுப்புக்கு விட வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எடுத்தாலே அத்தனை பேரும் படத்தில் விழுவோம். ஏணி தன் வீட்டில் இருப்பதாகப் பொருளாளர் சொல்கிறார்.