திலகவதியாரைத் தடுத்த தம்பி

 

திருநாவுக்கரசர் பெருமானின் பதிகம் ஒலிக்காத சைவ ஆலயம் இல்லை. ஆனால் அவருடைய தமக்கையார் திலகவதியார் ஒரு காலத்தில் உயிரை விடத் துணிந்தவர் என்பது நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதனை மறைக்கவில்லை. திருவாமூரில் தந்தையார் புகழனார் நோயுற்று மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி அதன் பின்னர் வந்தது. பிள்ளைப் பருவம் கடந்திராத ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்து மூன்று இழப்புகள்!

அவரைத் தடுத்தவர் அவரினும் இளைய தம்பி. காலில் விழுந்து அழுதார். பெற்றோர் போன பின்பும் தாம் உயிரோடிருப்பது அக்காவுக்காகவே என்றார். தம்பிக்காக அவரும் உயிர் தாங்கினார். பிற்காலத்தில் சூலை நோயால் துடித்து வந்த அதே தம்பிக்குத் திருநீறு அளித்தவர் இந்த அம்மையார்தாம்.

தமக்கையார் மாய்ந்தால் தாம் முந்தி மாய்வதாகவும் அத்தம்பி சொன்னார். அதனை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. பாரம் தாங்காத உள்ளத்தின் மீது அது இன்னொரு பாரம். கவனிக்க வேண்டியது வேறு. ஊர் என்ன பேசும் என்று அவர் கேட்கவில்லை. பாவம் என்று உபதேசம் செய்யவில்லை. தமக்கையாரின் எண்ணத்தை அறிந்த பின்னும் அருகிலேயே இருந்தார். அவர் தமக்கு வேண்டும் என்பதை வாய் திறந்து சொன்னார். நம் இல்லங்களில் இவ்வளவும் நடக்கிறதா?

மலேசியாவில் 2022ஆம் ஆண்டு பதின்ம வயது மாணவர்களிடையே நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், எட்டுப் பேரில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு வந்ததுண்டு எனக் கூறினர். மண்டபம் நிறைய அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து எட்டு எட்டாக எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

இதனை மூடி மறைக்க ஒரு காலத்தில் சட்டமும் காரணமாக இருந்தது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுச் சிறை வரை விதித்தது. மருத்துவமனைக்கு ஓடினால் போலீஸ் வருமோ என்று பெற்றோர் அஞ்சினர். நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கி, 2023 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் 2020லேயே நீங்கிவிட்டது. சட்டம் போயிற்று; மானம் போய்விடும் என்ற அச்சந்தான் இன்னும் போகவில்லை.

கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று பலர் வாய் மூடியிருக்கின்றனர். இது தவறான நம்பிக்கை. ‘ஐயா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் எண்ணம் புகுவதில்லை. பல வேளைகளில் பூட்டிய கதவு திறக்கிறது. தூக்கம் கெட்ட பிள்ளை, தான் பிறருக்குப் பாரம் என்று பேசும் பிள்ளை, ஆசையாய் வைத்திருந்த பொருள்களைத் திடீரெனப் பிறருக்குக் கொடுத்துவிடும் பிள்ளை ஆகியோரிடம் அவசியம் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைகளிடம் துயரம் பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படும். ‘திமிர்’ என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ‘ஏ’க்களை எண்ணும் பழக்கத்தைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

இவ்வுந்துதல் அலை போன்றது. உச்சத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கின்றனர். இலங்கையில் கடும் நச்சுப் பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 1995ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே வீட்டிலுள்ள மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் பூட்டி வைப்பது சிறு காரியமன்று. ஆபத்து நெருங்கியிருந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மனநோய் கண்ட பிள்ளையைச் செய்வினை என்று சாமியாடியிடம் மட்டும் கொண்டு செல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அர்ச்சனை செய்யலாம், நேர்ந்துகொள்ளலாம். கூடவே மருத்துவரையும் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் பயனில்லை என்றோ, சற்றுத் தெளிந்ததும் குணமாயிற்று என்றோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. தொடக்க வாரங்களில் பிள்ளையை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

ஆலயத்திற்கும் இதில் கடமை உண்டு. உறுமி மேளக் குழுவில் இரண்டு வாரமாக வராத இளைஞனை யார் தேடிப் போகிறார்கள்? தேவார வகுப்பில் திடீரென மௌனமான சிறுமியை ஆசிரியை தனியே அழைத்து விசாரிக்கிறாரா? முயன்று பிழைத்து வந்த பிள்ளை மீண்டும் சந்நிதிக்கு வரும்போது, கிசுகிசு பேசாமல் பழையபடி பிரசாதத் தட்டைக் கையில் கொடுத்துப் பரிமாறச் சொல்லும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. சிங்கப்பூர் அன்பர்களுக்கு 1767. பூசை நேர அட்டவணை ஒட்டியிருக்கும் பலகையிலேயே, அதே அளவு எழுத்தில், இவ்வெண்களையும் எழுதி வைக்கும்படி நிர்வாகத்தினரை இச்சபை கேட்டுக்கொள்கிறது.