மலைப்பூண்டும் நம்ம பேரும்



கொடைக்கானல் வர்றவங்க சாக்லேட், தைலம், பூண்டு வாங்காம மலை இறங்க மாட்டாங்க. நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. காரம் அதிகம். புகையில கட்டித் தொங்கவிட்டா மாசக்கணக்கில் கெடாது. ஆனா வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க. ஒருதடவை ஏமாந்தவங்க அடுத்த தடவை நம்மகிட்டயும் வாங்க மாட்டாங்க. நஷ்டம் யாருக்கு? குளிர், மழை பாக்காம களையெடுக்கிற நமக்குத்தான்.

அதனால பூண்டைக் கலப்பில்லாம கட்டுங்க. வீட்டு சாக்லேட் பொட்டலத்துல தயாரிச்ச தேதி, எடை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் போடுங்க. துணிப்பையில குழு பேரை அச்சடிச்சுக் கொடுங்க. பை ஊர் போய்ச் சேர்ந்தா நம்ம பேரும் போய்ச் சேரும்.